லினக்ஸில் சத்தம் வரவில்லையா? எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

லினக்ஸ் கணினியில் சத்தம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் போதும், பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். பல்ஸ்ஆடியோவை நீக்கிவிடு என்பார் ஒருவர். அல்சாவை மறுபடி நிறுவு என்பார் இன்னொருவர் (இரண்டும் லினக்ஸில் ஒலியைக் கையாளும் மென்பொருள்கள்). இந்த ஐந்து கட்டளைகளை அப்படியே ஒட்டிப் பார், எனக்குச் சரியாகிவிட்டது என்பார் மூன்றாமவர். அவருக்குச் சரியானது உண்மையாகவே இருக்கும். ஆனால் அவருடைய கணினியில் இருந்த கோளாறும் உங்கள் கணினியில் இருக்கும் கோளாறும் ஒன்றுதானா என்பதை யாரும் விசாரிப்பதில்லை.

'சத்தம் வரவில்லை' என்ற ஒரே வாக்கியத்துக்குள் குறைந்தது ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. ஏதோ ஒரு மியூட் பொத்தான் அழுந்தியிருக்கலாம். ஒலி மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். சவுண்ட் கார்டே கணினியின் கண்ணில் படாமல் இருக்கலாம். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது என்பதோடு, சில சமயம் நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடும். அதனால் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: ஒலி எதுவரை வந்து நின்றுவிட்டது? இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) தட்டும்போது அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டி முதல் குழாய் வரை

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து ஒரு குழாய் கீழே இறங்கி, கிளை பிரிந்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் போகிறது. வழியில் இரண்டு மூன்று வால்வுகள். சமையலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. என்ன காரணம் இருக்க முடியும்? தொட்டி காலியாக இருக்கலாம். நடுவில் ஒரு வால்வு மூடியிருக்கலாம். அல்லது தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் குளியலறைக் கிளைக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பதால், மூன்றில் ஒன்று மூடியிருந்தாலும் சொட்டுத் தண்ணீர் வராது. மற்ற இரண்டையும் எவ்வளவு திருகினாலும் பயன் இல்லை. அடுத்தது, மூன்றாவது காரணத்தை மனம் எளிதில் நினைப்பதில்லை. தண்ணீர் வரவில்லை என்றதும் தொட்டியைப் பார்க்க ஓடுவோமே தவிர, குளியலறையில் கொட்டுகிறதா என்று எட்டிப் பார்க்க மாட்டோம். லினக்ஸ் ஒலியிலும் அப்படித்தான். வேறு இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒலிதான் மிக அதிகமாகத் தலைவலி கொடுக்கிறது.

உண்மையில் உள்ளே நடப்பது

ஒரு பாட்டை ஓட விடுகிறீர்கள். பிளேயரோ பிரவுசரோ அந்தக் கோப்பைப் பிரித்து, எண்களின் நீண்ட வரிசையாக மாற்றுகிறது. ஒவ்வோர் எண்ணும் அந்தக் கணத்தில் ஒலி அலையின் உயரம். இந்த எண்ணுக்கு சாம்பிள் என்று பெயர். சிடியில் ஒரு வினாடிக்கு 44,100 சாம்பிள்கள். வீடியோக்களிலும் பெரும்பாலான கணினி அமைப்புகளிலும் 48,000. இடது, வலது ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இத்தனை.

இந்த எண்கள் அடுத்து சவுண்ட் சர்வரிடம் போகின்றன. சவுண்ட் சர்வர் என்பது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மென்பொருள். இது எதற்கு? பெரும்பாலான சவுண்ட் சிப்கள் ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண் வரிசையைத்தான் வாங்கிக்கொள்ளும். பாட்டு ஓடும்போதே செய்தி வந்ததற்கான 'டிங்' சத்தமும் கேட்க வேண்டும் என்றால், யாராவது இரண்டு வரிசைகளையும் கூட்டி ஒன்றாக்கித் தர வேண்டும். அந்த வேலையை சர்வர் செய்கிறது. எந்த நிரலின் ஒலி எந்தச் சாதனத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வால்யூம் என்பதும் அதன் பொறுப்பு. குழாய் கிளை பிரியும் இடம் இதுதான்.

சர்வர் கலந்து கொடுத்ததை வாங்கிக்கொள்வது அல்சா. இது லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கும் ஒலிப் பகுதி. கெர்னல் என்பது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப் பகுதி. ஒவ்வொரு வகைச் சாதனத்தோடும் பேசத் தெரிந்த துண்டு நிரல்தான் டிரைவர். அல்சாவுக்குள் நூற்றுக்கணக்கான சாதனங்களுக்கான டிரைவர்கள் இருக்கின்றன.

கடைசியில் வன்பொருள். மதர்போர்டில் ஒட்டியிருக்கும் ஒலிச் சிப் எண்களை மின்னழுத்தமாக மாற்றுகிறது. அது ஜாக், கம்பி, ஸ்பீக்கர் வழியாகக் காற்றுக்கு வந்து சேர்கிறது.

சுருக்கமாக: நிரல், சவுண்ட் சர்வர், அல்சா, வன்பொருள். ஒலி இந்த நான்கையும் இதே வரிசையில் கடந்தாக வேண்டும். நான்கிலும் தனித்தனி வால்யூமும் தனித்தனி மியூட்டும் இருக்கலாம்.

பெயர்களால் வரும் குழப்பம்

இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் ஏன் பொருந்தாமல் போகின்றன என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

அல்சா திட்டத்தை 1998-இல் யாரோஸ்லாவ் கிசெலா தொடங்கினார். 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னலில் அது பழைய ஓஎஸ்எஸ் என்ற அமைப்பின் இடத்தைப் பிடித்தது. அப்போது சவுண்ட் சர்வர் விஷயத்தில் ஒழுங்கு இல்லை, ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் (திரையில் மெனு, ஜன்னல்களைத் தரும் மென்பொருள்) ஒவ்வொன்றை வைத்திருந்தது. லென்னார்ட் போட்டரிங் 2004-இல் எழுதத் தொடங்கிய பல்ஸ்ஆடியோ, 2007-இல் ஃபெடோரா 8-இலும் 2008-இல் உபுண்டு 8.04-இலும் இயல்பான சர்வராக வந்தது. தொடக்க ஆண்டுகளில் அதில் நிறையத் தொல்லைகள் இருந்தன. 'எதற்கும் முதலில் பல்ஸ்ஆடியோவை நீக்கு' என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் வந்தது. ஃபெடோரா 34 (2021), உபுண்டு 22.10 (2022) முதல் இயல்பான சவுண்ட் சர்வர் இதுதான். கூடவே வயர்பிளம்பர் என்று ஒரு துணை நிரலும் ஓடும். பைப்வயர் ஒலியைக் கொண்டுபோகும், எதை எதோடு இணைப்பது என்று முடிவெடுப்பது வயர்பிளம்பர்.

பைப்வயர் வந்துவிட்டதால் அல்சா போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அல்சா அடியில் இருக்கும் தளம், அதன்மேல் நிற்கும் சர்வர்தான் மாறியிருக்கிறது. இன்னொரு தவறான எண்ணம், பல்ஸ்ஆடியோ என்ற பெயர் எங்காவது கண்ணில் பட்டால் பழைய சர்வர் ஓடுகிறது என்று முடிவு கட்டுவது. பழைய நிரல்கள் தொடர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, பைப்வயர் தன்னைப் பல்ஸ்ஆடியோ போலவே காட்டிக்கொள்கிறது. உங்களிடம் எது ஓடுகிறது என்று அறிய, டெர்மினலில் 'பேக்டிஎல் இன்ஃபோ' (pactl info) என்று தட்டுங்கள். 'சர்வர் நேம்' என்ற வரியில் பல்ஸ்ஆடியோ என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே 'ஆன் பைப்வயர்' என்று இருந்தால் உங்களிடம் ஓடுவது பைப்வயர்.

இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குறிப்புகளை ஒதுக்கிவிடலாம். பைப்வயர் ஓடும் கணினியில் பல்ஸ்ஆடியோவின் அமைப்புக் கோப்பைத் திருத்தச் சொல்லும் குறிப்பால் எந்தப் பலனும் இருக்காது. அந்தக் கோப்பை அங்கே யாரும் படிப்பதே இல்லை.

நடுவில் வெட்டிப் பாருங்கள்

நான்கு அடுக்குகளையும் மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் நடுவிலிருந்து தொடங்கினால் ஒரே பார்வையில் பாதி இடத்தைக் கழித்துவிடலாம்.

அதற்குச் சிறந்த கருவி பாவுகன்ட்ரோல் (pavucontrol). மெனுவில் 'பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோல்' என்ற பெயரில் இருக்கும். ஃபெடோரா, உபுண்டு போன்ற எல்லா முக்கிய டிஸ்ட்ரோக்களிலும் (லினக்ஸ் வகைகளிலும்) கிடைக்கிறது, பைப்வயரோடும் நன்றாக வேலை செய்கிறது. டெஸ்க்டாப்போடு வரும் சவுண்ட் அமைப்புப் பக்கம் பல விவரங்களை மறைத்துவிடுவதால், பழுது பார்க்கும்போது இதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

ஒரு பாட்டை ஓட விட்டுவிட்டு இதைத் திறங்கள். முதல் தாவல் 'பிளேபேக்'. இப்போது ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும் நிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு வரியாக இங்கே நிற்கும். பெயருக்குக் கீழே வால்யூம் பட்டை, அதன் அடியில் ஒல்லியான ஓர் ஒலிமானி. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அந்த மானி துள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அடுத்து 'அவுட்புட் டிவைசஸ்' தாவலுக்குப் போங்கள். ஒலி வெளியேறக்கூடிய சாதனங்கள் அங்கே இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு மானி.

இப்போது மூன்றில் ஒன்று நடந்திருக்கும். பிளேபேக் தாவலில் நிரலின் பெயரே இல்லை அல்லது மானி அசையவே இல்லை என்றால், ஒலி சர்வர்வரை வரவே இல்லை, கோளாறு நிரலில். பிளேபேக்கில் மானி துள்ளுகிறது, நீங்கள் எதிர்பார்த்த ஸ்பீக்கரின் மானி சும்மா கிடக்கிறது, வேறொரு சாதனத்தின் மானி ஆடுகிறது என்றால், ஒலி வேறு கிளைக்குத் திரும்பியிருக்கிறது. சரியான சாதனத்தின் மானியே ஆடுகிறது, காதில் மட்டும் ஒன்றும் விழவில்லை என்றால், சர்வர் தன் வேலையைச் செய்துவிட்டது. அல்சாவையும் வன்பொருளையும் பாருங்கள்.

இந்த ஒரு சோதனைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. கணக்கில்லாத கட்டளைகளை ஒட்டிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒலி சர்வர்வரை வரவில்லை என்றால்

இது எளிமையான வகை. பிரவுசர் தாவல் மியூட் செய்யப்பட்டிருக்கும், வீடியோவின் சொந்த வால்யூம் பூஜ்யத்தில் இருக்கும், அல்லது பிளேயரின் அமைப்புகளில் ஒலியை எங்கே அனுப்புவது என்ற இடத்தில் இப்போது இல்லாத ஒரு சாதனம் தேர்வாகியிருக்கும். வேறொரு நிரலில் ஒலி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சர்வர், அல்சா, ஸ்பீக்கர் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அவற்றைத் தொடாதீர்கள்.

ஒலி வேறு இடத்துக்குப் போனால்

உங்களுக்கு ஒரு சவுண்ட் கார்டுதான் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். கணினியின் பார்வையில் இரண்டு மூன்று இருக்கும். மதர்போர்டில் ஒன்று. கிராபிக்ஸ் கார்டும் ஒரு சவுண்ட் கார்டுதான், ஏனென்றால் எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் கம்பிகள் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். வெப்கேமில் மைக் இருந்தால் அது தனி ஒன்று. யூஎஸ்பி ஹெட்செட் இன்னொன்று.

புது மானிட்டரைச் செருகியதும் ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டது என்றால், ஒலி பெரும்பாலும் எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே இல்லாமல்கூட இருக்கலாம், ஆனால் கணினி அதை ஒலிச் சாதனமாகத்தான் எண்ணும். அவுட்புட் டிவைசஸ் தாவலில், வேண்டிய சாதனத்தின் பக்கத்தில் இருக்கும் பச்சை டிக் பொத்தானை அழுத்தினால் அதுவே இயல்பான சாதனமாகிவிடும்.

அப்படியும் ஒரே ஒரு நிரல் மட்டும் அடம் பிடிக்கலாம். சர்வர் ஒவ்வொரு நிரலுக்கும் கடைசியாக நீங்கள் தேர்ந்தெடுத்த சாதனத்தையும் வால்யூமையும் நினைவில் வைத்துக்கொள்ளும். எப்போதோ ஒரு நாள் அந்த நிரலை ஹெட்செட்டுக்குத் திருப்பியிருந்தால், அது இன்றைக்கும் அந்த ஹெட்செட்டையே தேடும். பிளேபேக் தாவலில் அந்த நிரலின் வரியில் சாதனத்தின் பெயர் ஒரு கீழ்விரி பட்டியலாக இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மாற்றுங்கள், அந்தக் கணத்திலேயே ஒலி இடம் மாறும்.

வேண்டிய சாதனமே பட்டியலில் இல்லையா? கடைசித் தாவலான 'கான்ஃபிகரேஷன்' பக்கம் போங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் அங்கே ஒரு ப்ரொஃபைல் உண்டு. ப்ரொஃபைல் என்றால் அந்தக் கார்டின் எந்தெந்த வாசல்களைத் திறந்து வைப்பது என்ற தேர்வு. 'ஆஃப்' என்று இருந்தால் அந்தக் கார்டு எங்குமே தெரியாது. மைக் மட்டும் இயங்கும் ப்ரொஃபைலில் இருந்தால் ஸ்பீக்கர் தெரியாது. சாதாரணப் பயன்பாட்டுக்கு 'அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்' பொருத்தமானது. டூப்ளெக்ஸ் என்பது கேட்பதும் பேசுவதும் இரண்டும் உண்டு என்பதற்கு. 'ப்ரோ ஆடியோ' என்ற தேர்வு ஒலிப்பதிவுக் கூடத்துக் கருவிகளுக்கானது. தெரியாமல் அதில் வைத்துவிட்டால் வழக்கமான ஸ்பீக்கர், ஹெட்போன் பெயர்கள் மறைந்து வெறும் எண்கள் நிற்கும், குழப்பம்தான் மிஞ்சும்.

இதுவரை: மானி எங்கே ஆடுகிறது என்பது கோளாறின் இருப்பிடத்தைச் சொல்லும். சாதனம், நிரலுக்கான திசை, ப்ரொஃபைல் இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் சர்வர் அடுக்கில் பார்க்க வேண்டியது அநேகமாக முடிந்தது.

மானி ஆடுகிறது, சத்தம் இல்லை

இப்போது கீழ்ப் பாதி. மென்பொருளுக்குள் நுழையும் முன் கம்பியைப் பாருங்கள். ஸ்பீக்கருக்கு மின்சாரம் இருக்கிறதா? பின்பக்கத்தில் பச்சை நிற ஜாக்கில்தான் செருகியிருக்கிறதா? இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளிச் சாதனத்திலிருந்து ஒலியை உள்ளே வாங்குவதற்கு. மேசைக்கு அடியில் குனிந்து, வெளிச்சம் இல்லாமல் செருகும்போது இவை மாறிப்போவது சகஜம். அதே ஸ்பீக்கரை ஒரு கைப்பேசியில் செருகிப் பார்த்தால் ஸ்பீக்கர் மேல் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அது சரி என்றால் டெர்மினலில் 'அல்சாமிக்சர்' (alsamixer) என்று தட்டுங்கள். திறந்ததும் பெரும்பாலும் 'மாஸ்டர்' என்று ஒரே ஒரு பட்டைதான் தெரியும். அது சர்வரின் வால்யூம், நமக்கு வேண்டியது அது இல்லை. எஃப்6 விசையை அழுத்தினால் உண்மையான கார்டுகளின் பட்டியல் வரும். உங்கள் மதர்போர்டு கார்டைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மாஸ்டர், ஹெட்போன், ஃபிரன்ட், பிசிஎம் என்று வரிசையாகப் பட்டைகள் நிற்கும்.

ஒவ்வொரு பட்டையின் அடியிலும் ஒரு சின்னக் கட்டம். அதில் இரண்டு பூஜ்யங்கள் இருந்தால் திறந்திருக்கிறது. எம்எம் என்று இருந்தால் மியூட்டில் இருக்கிறது. அம்பு விசைகளால் அந்தப் பட்டைக்குப் போய் எம் விசையை ஒரு முறை அழுத்தினால் எம்எம் போய்ப் பூஜ்யங்கள் வரும். மேல் அம்பால் அளவை ஏற்றலாம். டெஸ்க்டாப்பின் வால்யூம் பட்டை நூறு விழுக்காட்டில் நிற்கும்போதே இங்கே ஹெட்போன் பட்டை எம்எம்மில் கிடக்கலாம். முன்பு சொன்ன மூடிய வால்வு இதுதான்.

அதே வரிசையில் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போனால் பல கார்டுகளில் 'ஆட்டோ-மியூட் மோட்' என்ற ஒன்று வரும். ஹெட்போன் செருகியதும் ஸ்பீக்கரைத் தானாக நிறுத்துவது இதன் வேலை. ஜாக்கில் ஏதாவது செருகப்பட்டிருக்கிறதா என்று சிப் மின்சாரத்தால் உணர்ந்துகொள்கிறது. அந்த உணர்வி தவறாகச் சொன்னால், ஒன்றும் செருகாமலே ஹெட்போன் இருப்பதாக நினைத்து ஸ்பீக்கரை அடைத்துவிடும். பெட்டியின் முன்பக்க ஜாக்கின் கம்பி உள்ளே சரியாக இணைக்கப்படாவிட்டாலும் இப்படி ஆகலாம். இதை 'டிசேபிள்ட்' என்று மாற்றிப் பாருங்கள். பாவுகன்ட்ரோலில் சாதனத்தின் 'போர்ட்' பட்டியலில் 'அன்பிளக்ட்' என்று எழுதியிருந்தாலும் அதே போர்ட்டை நீங்களாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்ததாக 'ஸ்பீக்கர்-டெஸ்ட் -சி 2 -டி வேவ்' (speaker-test -c 2 -t wav) என்ற கட்டளை. 'ஃபிரன்ட் லெஃப்ட்', 'ஃபிரன்ட் ரைட்' என்று ஒரு குரல் இடமும் வலமும் மாறி மாறிச் சொல்லும். ஒரு பக்கம் மட்டும் கேட்கவில்லை என்றால் கம்பியோ, இடது-வலது சமநிலைப் பட்டையோதான் காரணம். டிரைவரைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. விண்டோஸிலிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வரும்போது சில ஒலிச் சிப்கள் விண்டோஸ் விட்டுச்சென்ற நிலையிலேயே இருந்துவிடும். எல்லாம் சரியாகத் தெரியும், சத்தம் மட்டும் இருக்காது. கணினியை முழுவதுமாக அணைத்து, மின்கம்பியைச் சற்று நேரம் பிடுங்கி வைத்துவிட்டு, நேராக லினக்ஸுக்குள் வாருங்கள். அதில் சரியானால் விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' அமைப்பை நிறுத்திவிடுவது நல்லது.

சாதனமே தெரியவில்லை: டம்மி அவுட்புட்

அமைப்புகளில் ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் இருந்தால் பலர் சர்வர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி நிறுவுகிறார்கள். அது சொல்லும் செய்தி நேர்மாறானது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒலியை அனுப்ப ஓர் உண்மையான சாதனம் கிடைக்காததால் போலியான ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. தேட வேண்டியது சர்வருக்குக் கீழே.

'ஏபிளே -எல்' (aplay -l) என்று தட்டுங்கள். அல்சா அறிந்த கார்டுகள் எல்லாம் பட்டியலாக வரும். அதில் உங்கள் கார்டு இருக்கிறது, சர்வரில் மட்டும் இல்லை என்றால், ப்ரொஃபைல் ஆஃப் ஆகியிருக்கலாம், அல்லது வயர்பிளம்பர் சரியாக எழும்பாமல் இருக்கலாம். பட்டியலே காலி என்றால் கெர்னலுக்கே கார்டு தெரியவில்லை. அப்போது 'எல்எஸ்பிசிஐ' (lspci) என்ற கட்டளையில் 'ஆடியோ டிவைஸ்' என்றோ 'மல்டிமீடியா ஆடியோ கன்ட்ரோலர்' என்றோ ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். அதிலும் இல்லை என்றால், பயாஸில் (கணினி எழும்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) மதர்போர்டின் ஒலி முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வரி இருந்தும் ஏபிளேயில் இல்லை என்றால் டிரைவரோ ஃபர்ம்வேரோ ஏறவில்லை. ஃபர்ம்வேர் என்பது சாதனத்துக்குள் ஓட வேண்டிய சிறு மென்பொருள், சில சிப்களுக்கு அதை லினக்ஸ்தான் ஒவ்வொரு முறையும் ஏற்றிவிட வேண்டும். அண்மைக்கால இன்டெல் லேப்டாப்களில் சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற தொகுப்பு இல்லாவிட்டால் ஒலியோ மைக்கோ வராமல் போவது இதனால்தான். உங்கள் டிஸ்ட்ரோவின் தொகுப்புப் பட்டியலில் 'எஸ்ஓஎஃப்' (sof) என்று தேடினால் கிடைக்கும். மிகப் புதிய வன்பொருளுக்குப் புதிய கெர்னலும் தேவைப்படலாம்.

சுருக்கமாக: எல்எஸ்பிசிஐயில் இருக்கிறதா, ஏபிளேயில் இருக்கிறதா, பாவுகன்ட்ரோலில் இருக்கிறதா. எந்த இரண்டுக்கு நடுவில் கார்டு மறைகிறதோ கோளாறு அங்கேதான். யூஎஸ்பி சாதனமாக இருந்தால் எல்எஸ்பிசிஐக்குப் பதில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb).

வருகிறது, ஆனால் நன்றாக இல்லை

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாக இருக்கிறது, வீடியோ அழைப்பில் சேர்ந்ததும் பழைய தொலைபேசி மாதிரி ஆகிவிடுகிறது என்று நிறையப் பேர் லினக்ஸைக் குறை சொல்வார்கள். இது வழக்கமான ப்ளூடூத்தின் வரம்பு. ஏ2டிபி என்ற முறையில் ஒலி ஒரு திசையில் மட்டும், நல்ல தரத்தில் போகும். மைக் தேவைப்பட்டால் எச்எஃப்பி என்ற இருதிசை முறைக்கு மாற வேண்டும், அதில் தரம் குறைவு. அழைப்பு முடிந்த பிறகும் மாறாமல் நின்றால் கான்ஃபிகரேஷன் தாவலில் ஏ2டிபிக்கு மாற்றுங்கள். அழைப்பிலும் நல்ல தரம் வேண்டுமானால் மைக்காக வெப்கேமையோ தனி மைக்கையோ தேர்ந்தெடுத்து, ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பொரிவது போன்ற சத்தம், விட்டு விட்டு வருவது வேறு கதை. சர்வர் சாம்பிள்களைச் சிறு சிறு தொகுதிகளாக அனுப்புகிறது. 48,000 வேகத்தில் 1024 சாம்பிள்கள் கொண்ட ஒரு தொகுதி சுமார் 21 மில்லிவினாடி ஒலி. அது தீர்வதற்குள் அடுத்த தொகுதி வந்து சேர வேண்டும். கணினி வேறு வேலையில் மூழ்கித் தாமதித்தால் நடுவில் இடைவெளி விழும், அதுதான் பொரிகிறது. தொகுதியைப் பெரிதாக்கினால் நின்றுவிடும். விலையாகக் கொஞ்சம் தாமதம் கூடும். பாட்டுக் கேட்க அது பொருட்டே இல்லை, வாசித்துப் பதிவு செய்பவர்களுக்குத்தான் உறுத்தும்.

பாட்டின் முதல் நொடி வெட்டுப்பட்டால், அல்லது ஒலி தொடங்கும்போதும் நிற்கும்போதும் 'டப்' என்று கேட்டால், காரணம் மின்சேமிப்பு. சில வினாடிகள் ஒலி இல்லாவிட்டால் வயர்பிளம்பர் சாதனத்தைத் தூங்க வைத்துவிடும், ஒலி டிரைவருக்கும் தனியாக ஒரு மின்சேமிப்பு உண்டு. மேசைக் கணினியில் இதனால் மிச்சமாகும் மின்சாரம் அற்பம். நிறுத்திவிடலாம்.

தவிர்க்க வேண்டிய சில

சர்வர் உண்மையிலேயே சிக்கிக்கொண்டால், கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் அதை மட்டும் மறுபடி தொடங்கலாம்: 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ரீஸ்டார்ட் வயர்பிளம்பர் பைப்வயர் பைப்வயர்-பல்ஸ்' (systemctl --user restart wireplumber pipewire pipewire-pulse). இதற்கு முன்னால் சூடோ (கட்டளையை நிர்வாகியாக ஓட்டும் சொல்) போடாதீர்கள். சவுண்ட் சர்வர் உங்கள் கணக்கில், உங்கள் பெயரில் ஓடுகிறது. சூடோ போட்டால் நிர்வாகியின் கணக்கில் இல்லாத ஒன்றைத் தேடி, பிழைச் செய்திதான் வரும்.

உங்களை 'ஆடியோ' குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பும் பழையது. இன்றைய டெஸ்க்டாப்களில், திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒலிச் சாதனத்தின் அனுமதி தானாகவே கிடைக்கிறது. குழுவில் சேர்ந்தால், ஒரே கணினியைப் பலர் பயன்படுத்தும்போது ஒருவருடைய நிரல் சாதனத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவருக்கு விடாமல் இருக்கும்.

பைப்வயரையும் பல்ஸ்ஆடியோவையும் நீக்குவது இன்னும் மோசம். டெஸ்க்டாப்பின் பல பகுதிகள் அவற்றைச் சார்ந்திருப்பதால், நீக்கும்போது வேறு தொகுப்புகளும் சேர்ந்து போய்விடலாம். அமைப்புகள் குழம்பிவிட்டன என்று தோன்றினால், உங்கள் ஹோம் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் லோக்கல், அதற்குள் ஸ்டேட், அதற்குள் வயர்பிளம்பர் (.local/state/wireplumber) என்ற கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு சர்வரை மறுபடி தொடங்குங்கள். நினைவில் வைத்திருந்த வால்யூம், திசை, ப்ரொஃபைல் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பழையது வேண்டுமானால் பெயரைத் திருப்பி மாற்றிக்கொள்ளலாம்.

உதவி கேட்கும்போது

இத்தனைக்குப் பிறகும் தீரவில்லை என்றால் மற்றவர்களிடம் கேட்பதில் தவறே இல்லை. 'சத்தம் வரவில்லை' என்று மட்டும் எழுதாமல், மானி எந்தத் தாவல்வரை ஆடுகிறது என்று எழுதுங்கள். டிஸ்ட்ரோவின் பெயரும் பதிப்பும், 'யூநேம் -ஆர்' (uname -r) காட்டும் கெர்னல் பதிப்பு, 'ஏபிளே -எல்' தந்த பட்டியல், 'டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்' (wpctl status) தந்த முழு விடை ஆகியவற்றை அப்படியே சேர்த்துவிடுங்கள். கடைசியாகச் சொன்ன கட்டளை பைப்வயர் அறிந்த சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரு மரம் போல விரித்துக் காட்டும். இயல்பான சாதனத்துக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கும், மியூட்டில் இருப்பதன் பக்கத்தில் 'மியூட்டட்' என்று எழுதியிருக்கும். அனுபவசாலிகள் அதைப் பார்த்ததும் பாதியைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அனுப்பும் முன் நீங்களே ஒரு முறை மெதுவாகப் படித்துப் பாருங்கள், விடை அந்த மரத்திலேயே நிற்கக்கூடும்.